கனவுல இருக்கும்போதே இது கனவுன்னு பிடிக்கிறது எப்படி? ரெண்டு மாசமா முயற்சி, ஒரு தடவை கூட மாட்டல

பழையவீடு:
வணக்கம் நண்பர்களே. லூசிட் ட்ரீம், அதாவது கனவுன்னு தெரிஞ்சே காணுற கனவு, அத பத்தி இங்க ஏற்கெனவே நெறைய பேசியிருக்கீங்க, எல்லாத்தையும் படிச்சுட்டேன், ஆனா என் சிக்கல் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, அதான் தனியா கேக்குறேன். ரெண்டு மாசமா ரியாலிட்டி செக் பண்றேன், இது கனவா நனவான்னு சோதிச்சு பாக்குறது. ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு குறையாம கைய பாத்து விரல் எண்ணுறது, மூக்க பொத்திக்கிட்டு மூச்சு இழுக்க முடியுதான்னு பாக்குறது, எழுத்த ரெண்டு தடவை படிக்கிறதுன்னு எல்லாம் பண்றேன். மறந்துடக் கூடாதுன்னு போன்ல மணிக்கொரு அலாரம் வேற. கூடவே கனவு டைரி. 60 நாள்ல 41 கனவு எழுதியிருக்கேன்.

நேத்து உக்காந்து டைரிய முதல்ல இருந்து படிச்சேன். 41ல 17 கனவு நடக்குறது நாங்க முன்னாடி குடியிருந்த வீட்ல. அந்த வீட்ட விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. வீடே இப்ப இல்ல, இடிச்சுட்டாங்க, இடிக்கிற அன்னிக்கு நான் எதிர்ல நின்னு பாத்தேன். ஆனா அந்த 17 கனவுல ஒண்ணுல கூட "இந்த வீடு தான் இப்ப இல்லயே"ன்னு எனக்கு உறைக்கல. ஒரு கனவுல மாடிப்படி ஏறுறேன், படி முடியவே மாட்டேங்குது, ஏறிக்கிட்டே இருக்கேன், கால் வலிக்குதேன்னு நெனச்சேனே தவிர வேற எதுவும் தோணல. இன்னொரு கனவுல நெசமாவே கைய பாத்தேன், விரல எண்ணுனேன், ஏழு இருந்துச்சு, ஏழுன்னு எண்ணி முடிச்சுட்டு சமையல்கட்டுக்கு போயிட்டேன். காலையில அத டைரியில எழுதும்போது மனசு அப்படி அடிச்சுக்கிச்சு. அவ்ளோ பக்கத்துல போய் விட்டுட்டேன்.

பகல்ல செக் பண்றேன், கனவுலயும் செக் பண்றேன், ஆனா கண்டுபிடிக்க மாட்டேங்குறேன். எங்க தப்பு பண்றேன்?

கண்ணசைவு:
நீங்க தப்பு பண்ணல நண்பா, ஆனா பழக்கத்த மட்டும் கனவுக்குள்ள கொண்டு போயிட்டீங்க, சந்தேகத்த கொண்டு போகல. அந்த ஏழு விரல் கனவவிட அதுக்கு நல்ல சாட்சி இருக்கவே முடியாது. பகல்ல அலாரம் அடிச்சதும் நீங்க என்ன பண்றீங்க, யோசிச்சு பாருங்க. கைய பாக்குறீங்க, அஞ்சு விரல் இருக்கு, ஏற்கெனவே விடை தெரிஞ்ச கேள்விய கேட்டுட்டு போறீங்க. அதே மாதிரி தான் கனவுலயும் எண்ணுனீங்க. எண்ணுற வேலை நடந்துச்சு, "ஒருவேளை இது கனவோ"ன்னு நெஞ்சார ஒரு நொடி சந்தேகப்படுற வேலை நடக்கல.

கனவு பெரும்பாலும் தெளிவா வர்ற ரெம் தூக்கத்துல, முன்மூளையில யோசிச்சு எடைபோடுற பகுதி அடங்கி இருக்கும். உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகள் நல்லா முழிச்சிருக்கும். அதனால தான் கனவுல பயம், பாசம், அவசரம் எல்லாம் முழுசா இருக்கும், "இது எப்படி நடக்கும்"ங்குற கேள்வி மட்டும் வராது. எவ்ளோ விசித்திரமா நடந்தாலும் மனசு அதுக்கு ஒரு சாக்கு சொல்லி சரிகட்டிடும். ஆக விசித்திரத்த பாத்தா தானா முழிப்பு வரும்னு காத்திருக்கிறது வேலைக்கு ஆகாது.

நான் சொல்ற மாத்தம் ஒண்ணு தான். மணிக்கொரு அலாரத்த தூக்கிடுங்க. இருபத அஞ்சா குறைங்க. அந்த அஞ்சும் உங்க கனவுல என்ன வருதோ அதோட கட்டுங்க. உங்களுக்கு வீடு வருது, அப்போ கதவு. தினமும் எங்கயாச்சும் ஒரு கதவு திறந்து உள்ள போகும்போது, வாசல்லயே ஒரு அரை நிமிஷம் நில்லுங்க. கைய பாக்காதீங்க. "இங்க எப்படி வந்தேன், அஞ்சு நிமிஷம் முன்னாடி எங்க இருந்தேன், அதுக்கு முன்னாடி?" இத பின்னாடியே போய் ஞாபகப்படுத்தி பாருங்க. நனவுல அந்த கோர்வை அறுபடாம வரும். கனவுல வராது, நீங்க எப்பவும் நடுவுல தான் இருப்பீங்க, வந்த வழின்னு ஒண்ணு இருக்காது. விரல் சில கனவுல ஒழுங்கா அஞ்சே இருக்கும், ஆனா வந்த வழி இருந்து நான் பாத்ததில்ல.

நூல்கண்டு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு அடிப்படையிலயே ஒரு கேள்வி இருக்கு. இதெல்லாம் நிஜமாவே நடக்குதுன்னு நிரூபிச்சிருக்காங்களா? தூங்குறவன் எழுந்து "நான் கனவுல கனவுன்னு தெரிஞ்சுகிட்டேன்"னு சொல்றான், அவன் அப்படி கனவு கண்டிருக்கலாம் இல்லையா, இல்ல அரைகுறையா முழிச்சிருந்து கற்பனை பண்ணியிருக்கலாம். நம்பக் கூடாதுன்னு கேக்கல, நம்புறதுக்கு காரணம் வேணும்னு கேக்குறேன்.

கண்ணசைவு:
என் பேருக்கு காரணமே அந்த கேள்வி தான், நல்லா கேட்டீங்க.

ரெம் தூக்கத்துல உடம்புல தசை எல்லாம் செயலிழந்து கெடக்கும், கனவுல ஓடுறத நெசமா எழுந்து ஓடிடக் கூடாதுன்னு மூளையே பண்ற ஏற்பாடு. ரெண்டு விஷயம் மட்டும் அதுக்கு விதிவிலக்கு, ஒண்ணு மூச்சு, இன்னொண்ணு கண். கனவுல நீங்க எந்த பக்கம் பாக்குறீங்களோ, மூடின இமைக்குள்ள நெஜ கண்ணும் அந்த பக்கம் திரும்ப முடியும். 1975ல இங்கிலாந்துல ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹெர்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத பயன்படுத்திக்கிட்டார். ஆலன் வோர்ஸ்லின்னு லூசிட் ட்ரீம் நல்லா வர்ற ஒருத்தர தூங்க வச்சு, கனவுன்னு தெரிஞ்ச உடனே கண்ண இடது வலதுன்னு முன்னாடியே பேசி வச்ச மாதிரி அசைக்க சொன்னார். மூளை அலை, தசை எல்லாம் அவர் ரெம் தூக்கத்துல தான் இருக்கார்னு காட்டுது, அதே நேரம் கண் அசைவு பதிவுல பேசி வச்ச அந்த சிக்னல் வருது. ஸ்டான்போர்டுல ஸ்டீபன் லாபெர்ஜும் தனியா இதே வழியில போய் 1981ல வெளியிட்டார். அரைகுறை முழிப்புங்குற சந்தேகம் அங்கயே தீந்துச்சு.

அதுக்கு அப்புறம் 2021ல வந்தது இன்னும் அதிசயம். நாலு நாட்டு ஆய்வுக்கூடங்க சேர்ந்து 36 பேர வச்சு, தூங்கிட்டு இருக்கிறவங்க கிட்டயே கேள்வி கேட்டாங்க. எட்டுல ஆறு போனா எத்தனைன்னு வெளிய இருந்து கேக்குறாங்க, உள்ள இருக்கிறவர் ரெண்டு தடவை கண்ண அசைச்சு பதில் சொல்றார். எல்லாருக்கும் எப்பவும் நடந்துச்சுன்னு நெனைக்க வேணாம், 158 தடவை முயற்சி பண்ணதுல சரியான பதில் வந்தது ஏறக்குறைய 18 சதவீதம் தான், பாதிக்கு மேல பதிலே வரல. ஆனா ஒண்ணு வந்தாலும் அது வந்தது தானே.

மூக்க பொத்துற செக் ஏன் வேலை செய்யுதுன்னும் இதுல இருந்தே புரியும். கனவுல மூக்க பொத்துறது கனவு கை, படுக்கையில மூச்சு விடுறது நெஜ மூக்கு. பொத்தியும் காத்து உள்ள போகும். அந்த உணர்வு ஒரு தடவை வந்தா வாழ்நாளுக்கும் மறக்காது.

நூல்கண்டு:
நன்றி. தூங்குறவர் கணக்கு போட்டு பதில் சொன்னார்ங்குறத நான் ரெண்டு தடவை படிச்சேன். இன்னொரு கேள்வி மட்டும், கனவுல ஒரு நாள் முழுக்க வாழ்ந்த மாதிரி இருக்கும், எழுந்தா பத்து நிமிஷம் தான் ஆகியிருக்கும்னு சொல்றாங்களே, அப்போ உள்ள நேரம் வேகமா ஓடுதா?

கண்ணசைவு:
இல்ல. அதையும் கண் சிக்னல வச்சே அளந்திருக்காங்க. கனவுக்குள்ள பத்து வரைக்கும் எண்ண சொல்லி, எண்ணறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சிக்னல் கொடுக்க சொன்னா, வெளிய ஓடுற கடிகாரத்துக்கு கிட்டத்தட்ட அதே நேரம் தான் ஆகுது. உடம்ப அசைக்கிற வேலைன்னா, உதாரணத்துக்கு உக்காந்து எழுந்திரிக்கிறது, கனவுல கொஞ்சம் கூடுதலாவே நேரம் எடுக்குது. ஒரு நாள் ஆன மாதிரி தோணுறது காட்சி மாறுறதால. காலைன்னு ஒரு காட்சி, அடுத்து சாயங்காலம்னு ஒரு காட்சி, நடுவுல நீங்க வாழல, வாழ்ந்த மாதிரி எடுத்துக்கிறீங்க.

விடிகாலைப்பறவை:
பழையவீடு, கண்ணசைவு சொன்னது சரி தான், ஆனா பகல் செக்க மட்டும் நம்பினா நாள் ஆகும்னு என் அனுபவம். எப்ப முயற்சி பண்றோம்ங்குறது தான் பாதி விஷயம். ராத்திரி முதல் பாதியில ஆழ்ந்த தூக்கம் தான் அதிகம். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷ சுத்து சுத்தா போகும், ஒவ்வொரு சுத்துலயும் ரெம் நீளம் கூடிக்கிட்டே வரும், விடியற நேரத்துக்கு தான் நீளமான கனவு. அதனால படுக்கப் போகும்போது எவ்ளோ தான் மனசுல உறுதி எடுத்தாலும் நடுவுல நாலு மணி நேரம் ஓடிடுது, உறுதி கரைஞ்சிடுது.

நான் பண்றது இது தான். தூங்கி அஞ்சு மணி நேரம் கழிச்சு எழுந்துக்குவேன். வெளிச்சம் ரொம்ப போட மாட்டேன், போன தொட மாட்டேன். அப்ப தான் கலைஞ்ச கனவ ஞாபகப்படுத்தி எழுதுவேன். மறுபடி படுத்து அந்த கனவயே திரும்ப ஓட்டி பாப்பேன், ஆனா அதுல எந்த இடத்துல நான் கண்டுபிடிச்சிருக்கணுமோ அந்த இடத்துல கண்டுபிடிக்கிற மாதிரி மாத்தி ஓட்டுவேன். உங்களுக்குன்னா அந்த ஏழாவது விரல். எண்ணுறீங்க, ஏழு வருது, நிக்குறீங்க, "இது கனவு"ன்னு உங்களுக்கு புரியுது. அத ஓட்டிக்கிட்டே "அடுத்த தடவை கனவு காணும்போது, இது கனவுன்னு ஞாபகம் வச்சுக்குவேன்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே தூங்கிடுவேன். மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறதுல பயன் இல்ல, வர்ற வழியில மாத்திரை வாங்கணும்னு மனசுல முடிச்சு போட்டு வைப்போமே, அந்த மாதிரி ஒரு முடிச்சு. இது லாபெர்ஜ் உருவாக்கின முறை தான், மைல்டுன்னு சொல்லுவாங்க.

அடிலெய்டு பல்கலைக்கழகத்துல 2017ல டென்ஹோம் ஆஸ்பின்னு ஒருத்தர் இத சோதிச்சு பாத்தார். ரியாலிட்டி செக், நடுராத்திரி எழுந்திரிக்கிறது, மைல்டு மூணையும் சேர்த்து பண்ணவங்களுக்கு அந்த ஒரு வாரத்துல 17 சதவீதம் ராத்திரி பலிச்சிருக்கு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச தகவல், மைல்டு முடிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள தூங்கிட்டவங்களுக்கு ஏறக்குறைய 46 சதவீதம். அதாவது ரொம்ப நேரம் முழிச்சு கெடந்து கஷ்டப்படுறவங்களுக்கு இல்ல, சொல்லிட்டு சுருக்க தூங்குறவங்களுக்கு தான் கை கொடுக்குது.

இரவல்தூக்கம்:
எல்லாரும் ஆர்வமா இருக்கீங்க, நான் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும், கோவிச்சுக்காதீங்க. நான் ஆறு வாரம் தினமும் ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வச்சு எழுந்தேன். லூசிட் ட்ரீம் வந்துச்சு, நாலு தடவை. ஆனா ரெண்டாவது வாரத்துலயே பகல்ல தலை கனமா இருக்க ஆரம்பிச்சுச்சு, நாலாவது வாரத்துல வேலையில ஒரே தப்ப மூணு தடவை பண்ணேன், வீட்ல எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தேன். அதவிட மோசம், பகல்ல நாள் முழுக்க "இது கனவா இது கனவா"ன்னு கேட்டு கேட்டு, ஒரு சாயங்காலம் என் எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்த என் தங்கச்சி முகமே கண்ணாடிக்கு அந்த பக்கம் இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. அவ பேசுறா, எனக்கு கேக்குது, ஆனா அவ நெஜம்ங்குற சூடு வரல. ரொம்ப பயந்துட்டேன். அன்னிக்கே நிறுத்திட்டேன். ஒழுங்கா தூங்க ஆரம்பிச்சதும் பத்து நாள்ல சரியாச்சு.

இப்போ வாரத்துல ஒரே ஒரு நாள், மறுநாள் லீவா இருந்தா மட்டும் தான் நடுராத்திரி எழுந்திரிக்கிறது. ஏற்கெனவே மனசு சம்பந்தமா சிகிச்சை எடுக்கிறவங்க, நனவே நெஜம் மாதிரி இல்லங்குற உணர்வு அப்பப்ப வர்றவங்க, தூக்கமே சரியா வராதவங்க, தயவுசெஞ்சு உங்க டாக்டர் கிட்ட கேக்காம இதுல இறங்காதீங்க.

விடிகாலைப்பறவை:
இரவல்தூக்கம் சொல்றத முழு மனசோட ஏத்துக்கிறேன், நான் எழுதும்போது அத சொல்லாம விட்டது தப்பு. நானும் வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல பண்றதில்ல.

நூல்கண்டு:
மாத்திரை எதோ இருக்குன்னு படிச்சேனே, காலன்டமின்னு. 2018ல ஆய்வே வந்திருக்கு போல.

இரவல்தூக்கம்:
வந்திருக்கு, 121 பேர வச்சு பண்ண ஆய்வு, மருந்து அளவு கூட கூட பலன் கூடினது உண்மை. ஆனா அது அல்சைமர் நோய்க்கு கொடுக்குற மருந்து. இதய துடிப்ப குறைக்கும், குமட்டல் வரும், வேற மருந்தோட மோதும். ஒரு நல்ல கனவுக்காக நாமளா வாங்கி போட்டுக்கிற பொருள் இல்ல அது. இந்த விஷயத்துல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது.

பிரேக்பிடிக்கல:
ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு. நான் இதுக்குள்ள வந்தது பறக்கணும்னோ சுத்தி பாக்கணும்னோ ஆசைப்பட்டு இல்ல. எனக்கு ஒரே கனவு பல வருஷமா வரும். வண்டி ஓட்டுறேன், இறக்கத்துல போகுது, பிரேக்க மிதிக்கிறேன், கால் அடி வரைக்கும் இறங்குது, வண்டி நிக்கல. பின் சீட்ல யாரோ இருக்காங்க, யாருன்னு திரும்பி பாக்க முடியல. மோதுறதுக்கு முன்னாடி முழிப்பு வரும், வேர்த்து போய் உக்காந்திருப்பேன், அப்புறம் விடியற வரைக்கும் தூக்கம் இல்ல.

ஒரு மனநல ஆலோசகர் கிட்ட போனேன். அவங்க முதல்ல சொன்னது லூசிட் ட்ரீம் இல்ல. பகல்ல, நல்லா முழிச்சிருக்கும்போது, அந்த கனவ எழுதி, முடிவ மட்டும் நமக்கு பிடிச்ச மாதிரி மாத்தி எழுதி, தினமும் பத்து பதினஞ்சு நிமிஷம் அந்த புது கதைய மனசுல ஓட்டி பாக்க சொன்னாங்க. கெட்ட கனவுக்கு நல்லா சோதிச்ச முறை அதுன்னு சொன்னாங்க. நான் மாத்தி எழுதினது, ரோடு இறக்கம் முடிஞ்சு சமமாகுது, வண்டி தானா வேகம் குறையுது, அவ்ளோ தான். மூணு வாரம் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு ராத்திரி அதே கனவு. பிரேக்க மிதிச்சேன், கால் அடி வரைக்கும் போச்சு, அந்த நொடியில "ஓ, இது அது தான்"னு தோணுச்சு. பயம் அப்படியே தான் இருந்துச்சு, நெஞ்சு அடிச்சுக்கிச்சு, ஆனா கனவுன்னு தெரிஞ்சுச்சு. கால பிரேக்ல இருந்து எடுத்துட்டேன். அவ்ளோ தான் பண்ணேன். ஒண்ணையும் மாத்த முயற்சி பண்ணல. வண்டி கொஞ்ச தூரம் ஓடி, சத்தமே இல்லாம, ரோடு ஓரமா நின்னுச்சு. பின்னாடி திரும்பி பாத்தேன். சீட் காலி, அதுல என் சின்ன வயசு ஸ்கூல் பை மட்டும் இருந்துச்சு.

அதுக்கு அப்புறம் ரெண்டு தடவை தான் அந்த கனவு வந்திருக்கு, ரெண்டுலயும் முழிச்சு உக்காரல. பழையவீடு, உங்களுக்கு சொல்ல நெனச்சது என்னன்னா, உங்க கிட்ட 17 கனவு இருக்கு, அது பெரிய சொத்து. எனக்கு கண்டுபிடிக்க உதவினது அந்த கனவு திரும்ப திரும்ப வந்தது தான்.

பழையவீடு:
பிரேக்பிடிக்கல, நீங்க எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எழுதினதுக்கு ரொம்ப நன்றி. எல்லாருக்கும் நன்றி. அலாரத்த எடுத்துட்டேன். கதவு முறைய ஆரம்பிக்கிறேன், வாரத்துல ஒரு நாள் மட்டும் மைல்டு. போய் பண்ணிட்டு வந்து சொல்றேன்.

அரைத்தூக்கம்:
இதே இழையில கேக்கலாமான்னு தெரியல. நான் வேற வழி முயற்சி பண்ணேன், அசையாம படுத்து முழிப்போடவே நேரா கனவுக்குள்ள போறது. நேத்து ராத்திரி உடம்பு மரத்து போச்சு, காதுல பெருசா இரைச்சல், நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி, கத்தணும்னா வாய் வரல. பாட்டி சொல்லுவாங்களே அமுக்குவான் பேய், அதே தான். இது ஆபத்தா? இனி தூங்கவே பயமா இருக்கு.

கண்ணசைவு:
பயப்படாதீங்க தம்பி, அது ஸ்லீப் பேரலிசிஸ். நான் மேல சொன்ன அந்த தசை செயலிழப்பு இருக்கே, அது விலகுறதுக்கு முன்னாடியே நீங்க முழிச்சுட்டீங்க, இல்லனா நீங்க முழிச்சிருக்கும்போதே அது வந்துடுச்சு. கனவோட ஒரு பகுதி கண்ணு முன்னாடி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும், அதான் யாரோ இருக்கிற மாதிரி. மூச்சு தானா நடந்துக்கிட்டு தான் இருக்கும், நாமளா ஆழமா இழுக்க முடியாததால தான் நெஞ்சுல பாரம். சில நொடியோ ஒண்ணு ரெண்டு நிமிஷமோ, தானா போயிடும். எதிர்த்து போராடாம, கண்ண உருட்டுங்க, இல்லனா ஒரு விரல் நுனிய மட்டும் அசைக்க பாருங்க. மல்லாக்க படுக்குறவங்களுக்கும் தூக்கம் கெட்டவங்களுக்கும் இது அதிகம் வரும், அதனால ஒருக்களிச்சு படுங்க, ஒரு வாரம் எந்த முயற்சியும் வேணாம், நல்லா தூங்குங்க. அடிக்கடி வந்துச்சுன்னா, இல்ல பகல்ல அடக்க முடியாத தூக்கம் வந்துச்சுன்னா, டாக்டர பாத்துடுங்க.

நேரா உள்ள போற முறைய புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். முதல்ல கனவு டைரி, அப்புறம் மைல்டு. அதுவே போதும்.

அரைத்தூக்கம்:
ரொம்ப நன்றி அண்ணா. மூச்சு நிக்காதுன்னு சொன்னது தான் எனக்கு தேவைப்பட்டுச்சு.

பழையவீடு:
26 நாள் கழிச்சு வர்றேன். நடந்துடுச்சு. எழுத எழுத கை ஓடல, கோர்வையா இல்லனா பொறுத்துக்குங்க.

இன்னிக்கு விடியக்காலை. மைல்டு பண்ற நாள் கூட இல்ல இது, சாதாரணமா தூங்கினேன். பழைய வீட்டு சமையல்கட்டுல நிக்குறேன். ஜன்னல் கொக்கி உடைஞ்சு போய் அப்பா கம்பி வச்சு கட்டியிருப்பார், அந்த கம்பி, அதோட முறுக்கு கூட அப்படியே இருக்கு. இருட்டா இருக்குன்னு சுவிட்ச போட்டேன், லைட் எரியல. கரண்ட் போயிருக்கும்னு நெனச்சேன், வழக்கம் போல மனசு சாக்கு சொல்லிடுச்சு. சரி வெளிய போவோம்னு முன் கதவுக்கு வந்து கைப்பிடிய பிடிச்சேன். கதவுல கை வச்சதும், 26 நாளா பண்ண பழக்கம், நின்னேன். இங்க எப்படி வந்தேன்? சமையல்கட்டுல இருந்து. அதுக்கு முன்னாடி? ஒண்ணும் இல்ல. தேடி பாக்குறேன், ஒண்ணுமே இல்ல. கதவ எப்படி திறந்து உள்ள வந்தேன்? இந்த வீட்டு சாவி என் கிட்ட இல்லயே. ஒன்பது வருஷம் முன்னாடி அந்த சாவிய நான் தான் கொண்டு போய் கொடுத்துட்டு வந்தேன்.

அந்த நொடி எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வார்த்தை வரல. காதுக்குள்ள ஒரு சத்தம் நின்னு போன மாதிரி. எல்லாம் சட்டுனு கூர்மை ஆயிடுச்சு, கதவு பெயிண்ட் உரிஞ்ச இடம், அதுக்கு கீழ இருக்கிற பழைய பச்சை. மூக்க பொத்தினேன், காத்து ஜில்லுனு உள்ள போச்சு. இது கனவு, நான் தூங்கிக்கிட்டு இருக்கேன், வீடு இல்ல, ஆனா நான் வீட்ல நிக்குறேன். சந்தோஷம் தாங்காம நெஞ்சு படபடன்னு அடிக்க, ஓரத்துல இருந்து எல்லாம் மங்க ஆரம்பிச்சுச்சு, மொத்தமா இருபது செகண்ட் இருக்கும், போயிடுச்சு.

எழுந்து லைட்ட போட்டு டைரி எடுத்து எழுத ஆரம்பிச்சேன். பேனா எழுதல. அழுத்தி அழுத்தி பாக்குறேன், தாள்ல கோடு விழல. அப்புறம் மறுபடியும் எழுந்தேன். இந்த தடவை தான் நெஜமா. முதல்ல எழுந்தது கனவுக்குள்ள எழுந்தது.

விடிகாலைப்பறவை:
வாழ்த்துகள் நண்பா, படிக்கும்போது எனக்கே புல்லரிச்சுச்சு! பொய் முழிப்பு எல்லாருக்கும் வரும், அதுவும் லூசிட் ட்ரீம் கலைஞ்ச உடனே ரொம்ப வரும். இனிமே எப்ப முழிச்சாலும், படுக்கையில இருந்து எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூக்க பொத்தி பாக்குறத வழக்கமா வச்சுக்குங்க. அந்த பேனா எழுதாத இடத்துல நீங்க திரும்ப உள்ள போயிருக்கலாம்.

அடுத்த தடவை மங்க ஆரம்பிச்சா ரெண்டு உள்ளங்கையையும் வேகமா தேயுங்க. கையில சூடும் உராய்வும் தெரிய தெரிய கனவு நிக்கும். இல்லனா சுவரையோ தரையையோ தொட்டு அதோட சொரசொரப்ப கவனிங்க. படுக்கையில கெடக்குற உடம்பு பக்கம் கவனம் போகாம, கனவு உடம்புலயே கவனம் இருக்கணும், அதான் சூட்சுமம். லாபெர்ஜ் இதயும், நின்ன இடத்துலயே சுத்துறதயும் ஒண்ணும் பண்ணாம இருக்கிறதோட ஒப்பிட்டு பாத்திருக்கார், ரெண்டுமே உதவுச்சு. சந்தோஷத்த மட்டும் முதல் பத்து செகண்ட் கொஞ்சம் பிடிச்சு வைங்க.

கண்ணசைவு:
சாவி. நான் சொன்ன கேள்விக்கு உங்க மனசு தானா தேடி எடுத்த பதில் அது, அத நான் சொல்லி கொடுத்திருக்க முடியாது. லைட் எரியாதத கூட விட்டுட்டீங்க, சாவியில பிடிச்சிட்டீங்க பாருங்க. ரொம்ப சந்தோஷம்.

பிரேக்பிடிக்கல:
ரொம்ப சந்தோஷமா இருக்குங்க. ஒண்ணு கேக்கணும், அடுத்த தடவை நேரம் கெடைச்சா அந்த வீட்ல என்ன பண்ண போறீங்க?

பழையவீடு:
அதத் தான் காலையில இருந்து யோசிக்கிறேன். கதவ திறந்து வெளிய போகணும், பறக்கணும்னு எல்லாம் முன்னாடி நெனச்சேன். இப்போ வெளிய போக ஆசை இல்ல. முன் அறையில சிவப்பு சிமெண்ட் தரை இருக்கும், நடுவுல ஒரு விரிசல் ஓடும், சின்ன வயசுல அது மேல கால் படாம தாண்டி தாண்டி நடப்பேன். செருப்பு இல்லாம அந்த தரையில உக்காந்து, ரெண்டு உள்ளங்கையையும் அதுலயே தேய்க்க போறேன். கனவும் நிக்கும், தரையையும் தொட்ட மாதிரி ஆச்சு. நாளைக்கு மறுநாள் லீவு, அன்னிக்கு ராத்திரி அலாரம் வச்சிருக்கேன்.